புராஸ்டேட் புற்றுநோய், 4-ஆம் ஸ்டேஜ்: வாசகர் கேள்வி – பதில்

எலும்புவரை பரவிய புராஸ்டேட் புற்றுநோய் பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். கேட்டவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்ல, அவர்களின் மகன், மகள், மனைவிமார். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. கடிதங்களில் அடிக்கடி வரும் பி.எஸ்.ஏ., அந்தச் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதத்தின் அளவு; நோயின் போக்கை அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். மருந்து அளவுகள் வழக்கமாகக் கொடுக்கப்படுபவை. உங்கள் வீட்டு நோயாளிக்கு எழுதிய சீட்டில் வேறு அளவு இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. பி.எஸ்.ஏ. 186. முதுகெலும்பிலும் இடுப்பிலும் பரவியிருக்கிறது. "மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போடலாம், இல்லேன்னா விதைகளை எடுத்துடலாம்" என்கிறார் டாக்டர். எடுப்பது என்றதும் வீட்டில் எல்லோரும் ஆடிப்போய்விட்டோம். எது நல்லது?
— வாசகர், கும்பகோணம்

நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் சமம். புராஸ்டேட் புற்றுநோய் வளர டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் வேண்டும். அதில் பெரும்பங்கு விதைகளில்தான் சுரக்கிறது. அதை நிறுத்தினால் நோய் சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் சிகிச்சையின் அடித்தளம் அதுதான்.

அறுவை சிகிச்சை சின்னது. விதைப்பையில் ஒரு சிறு கீறல். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தோ முதுகில் ஊசி போட்டோ செய்வார்கள். பெரும்பாலோருக்கு அன்றே அல்லது மறுநாளே வீடு. ஏறக்குறைய அரை நாளிலேயே டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். வெளி உறையை விட்டுவிட்டு உள்ளிருக்கும் திசுவை மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. பை வெறுமையாகத் தெரியாது. அதைக் கேட்டுப் பாருங்கள், பலருக்கு மனத்தடையே அங்கேதான் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். குறை ஒன்றுதான்: எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

ஊசியில் லூப்ரோலைடு, கோசெரிலின், டிரிப்டோரெலின் என்று வகைகள் உண்டு. இவை போட்ட முதல் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் குறையாது, கூடும். முதுகெலும்பில் நோய் உள்ளவருக்கு அந்த நாட்களில் வலி அதிகமாகலாம், தண்டுவடம் அழுந்தலாம், சிறுநீர் அடைக்கலாம். அதனால்தான் டெஸ்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் பைகலூட்டமைடு 50 மி.கி. மாத்திரையை முன்னதாகவே தொடங்கி மூன்று, நான்கு வாரம் கொடுப்பார்கள். சீட்டில் அது இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். டெகாரெலிக்ஸ் ஊசியில் இந்த ஏற்றம் கிடையாது. முதல் நாள் 120 மி.கி. வீதம் இரண்டு ஊசி, பிறகு மாதம் ஒருமுறை 80 மி.கி. முதுகெலும்பு ஆபத்தான நிலையில் இருந்தால் டெகாரெலிக்ஸ் அல்லது அறுவை சிகிச்சைதான் பாதுகாப்பு.

ஊசியைத் தேர்ந்தெடுத்தால் தேதி முக்கியம். 12 வார ஊசியை "அடுத்த மாசம் ஊருக்குப் போகும்போது போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் ஹார்மோன் மறுபடி தலைதூக்கும். சில நிறுவன ஊசிகளை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். ஐஸ் பேக்கோடு எடுத்துப்போங்கள். பொடியாக வரும் ஊசியைக் கரைத்த உடனே போட வேண்டும். வைத்திருந்தால் மருந்து அடியில் தங்கிவிடும், உடம்புக்குள் முழு அளவு போகாது. பழக்கமில்லாத கிளினிக்கில் போடும்போது இதைச் சொல்லிவிடுங்கள்.

பக்க விளைவு இரண்டிலும் ஒன்றே. ஊசி போட்டால் ஆண்மை குறையாது, அறுவை செய்தால்தான் குறையும் என்பது தவறான எண்ணம். செலவு பெரிய கேள்வியாக இருக்கும் வீட்டில், ஊசிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடன் வாங்குவதைவிட அறுவை சிகிச்சை எவ்வளவோ மேல். அந்தப் பணத்தை மாத்திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தக் காலத்தில் இது மட்டும் போதாது. உடம்பு தாங்குகிறவர்களுக்கு இதனோடு அபிராட்டிரோன், என்சாலூட்டமைடு, அபாலூட்டமைடு, டாரோலூட்டமைடு ஆகிய ஹார்மோன் தடுப்பு மாத்திரைகளில் ஒன்றைச் சேர்க்கிறார்கள். பரவல் அதிகமிருந்தால் டோசிடாக்சல் கீமோவும். தீவிர நிலையில் இருந்தவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஹார்மோனைக் குறைக்கும் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் சுமார் 36 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். அபிராட்டிரோனும் சேர்ந்தபோது அது 53 மாதமானது. எந்த வழியில் போனாலும், சில வாரம் கழித்து டெஸ்டோஸ்டிரோன் 50 நானோகிராமுக்குக் கீழே (ஒரு டெசிலிட்டருக்கு) இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மாமனாருக்கு அபிராட்டிரோன் 250 மி.கி. மாத்திரை நான்கு எழுதியிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று இட்லியோடு சாப்பிடுகிறார். இப்போது கணுக்கால் வீங்கியிருக்கிறது. கூடவே கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையைச் சர்க்கரைக்குப் பயந்து நிறுத்திவிட்டார்.
— வாசகி, விருதுநகர்

இரண்டையும் இன்றே திருத்த வேண்டும். வீக்கத்துக்குக் காரணமும் அநேகமாக இவைதான்.

உணவோடு போனால் இந்த மருந்து பல மடங்கு அதிகமாக ரத்தத்தில் கலக்கும். எண்ணெயும் நெய்யும் நிறைந்த சாப்பாடென்றால் பத்து மடங்கு வரைகூட. ஆகவே 1000 மி.கி. எடுப்பவர் அதற்கு முன் இரண்டு மணி நேரமும், பின் ஒரு மணி நேரமும் எதுவும் சாப்பிடக் கூடாது. பால் சேர்த்த காபியும் சாப்பாட்டுக் கணக்குதான். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் வெறும் தண்ணீரில் நான்கையும் விழுங்கிவிட்டு, ஆறரைக்குமேல் காபி, பிறகு டிபன் என்று வைத்துக்கொண்டால் சிரமம் இருக்காது. ஒருநாள் மறந்தால் மறுநாள் எட்டாகப் போடக் கூடாது.

பிரெட்னிசோலோன் 5 மி.கி. மாத்திரை காலை டிபனுக்குப் பின். நோயின் கட்டத்தைப் பொறுத்து ஒருவேளையோ இருவேளையோ. அபிராட்டிரோன் அட்ரீனல் சுரப்பியின் வேலையைக் குறுக்கே தடுக்கிறது. அதனால் உடம்பில் உப்பும் நீரும் தேங்கும், ரத்தஅழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அந்தச் சமநிலையைக் காப்பதற்குத்தான் ஸ்டீராய்டு. அதைத் திடீரென்று நிறுத்துவது தனியாகவே ஆபத்து. சர்க்கரை ஏறினால் சர்க்கரை மருந்தைக் கூட்டிக்கொள்ளலாம். பயோகிளிட்டசோன் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அபிராட்டிரோனோடு சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம்.

நாளையே பி.பி. பாருங்கள், பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டுவது), ஈரல் பரிசோதனை எடுங்கள். ஈரல் பரிசோதனை முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கொருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறை. கெண்டைக்கால் இழுப்பு, படபடப்பு, கை கால் ஓய்ந்துபோவது எல்லாம் பொட்டாசியம் குறைந்ததன் அறிகுறி. இளநீர் குடித்தால் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த மாத்திரையை வெறும் கையால் தொடக் கூடாது.

250 மி.கி. ஒரே மாத்திரையைக் கொழுப்பு குறைந்த காலை உணவோடு கொடுக்கும் முறையும் இருக்கிறது. 2018-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் பி.எஸ்.ஏ. இறங்கியது முழு அளவுக்கு இணையாக இருந்தது. செலவு தாங்காத வீடுகளில் டாக்டர்களே இதை யோசிப்பதுண்டு. அவர் எழுதித் தந்தால் மட்டும்.

எட்டு மாத சிகிச்சையில் பி.எஸ்.ஏ. 0.1 ஆகிவிட்டது. ஊசியை நிறுத்தலாமா?
— வாசகர், ஈரோடு

வேண்டாம். ஏழு மாத அளவில் 0.2-க்கோ அதற்குக் கீழோ இறங்குவது மிக நல்ல அறிகுறி. ஆனால் அந்த எண் மருந்து வேலை செய்வதைச் சொல்கிறது, நோய் போய்விட்டதை அல்ல. எலும்பில் பரவியவர்களுக்கு விட்டுவிட்டுக் கொடுப்பது தொடர்ந்து கொடுப்பதற்கு ஈடு என்று இதுவரை நிரூபணமாகவில்லை.

அப்பாவுக்குப் பத்து நாளாக முதுகுவலி. படுத்தால் அதிகம், இருமினால் பட்டை கட்டியதுபோல் நெஞ்சைச் சுற்றிப் பிடிக்கிறது. நேற்றிலிருந்து மாடிப்படி ஏறும்போது கால் தளருகிறது என்கிறார். அடுத்த செக்கப் 12-ஆம் தேதி. அதுவரை என்ன தைலம் தடவலாம்?
— வாசகி, திண்டுக்கல்

இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திராமல் உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். மற்ற வாசகர்களுக்காக இங்கே விரிவாக.

இது செக்கப் வரை காத்திருக்கும் வலி அல்ல. முதுகெலும்பில் வளர்ந்த நோயோ, அதனால் நொறுங்கிய எலும்போ உள்ளே ஓடும் தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கினால் இப்படித்தான் ஆரம்பிக்கும். முதலில் வலி, சில நாள் அல்லது சில வாரம் வலி மட்டும். பிறகு கால் தளர்ச்சி, படியில் தடுமாற்றம், பாதத்தில் மரத்த உணர்வு. கடைசியில் சிறுநீர் கழிக்க முடியாமலோ தெரியாமலோ போவது, மலம் கட்டுப்பாடில்லாமல் போவது. நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர் பெரும்பாலும் நடந்தே வீடு திரும்புகிறார். இரண்டு காலும் முழுக்க விழுந்து ஒன்றிரண்டு நாள் போய்விட்டால் திரும்ப நடப்பது அரிது. அதனால் இதை நாள் கணக்கில் பார்க்கக் கூடாது, மணிக்கணக்கில் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது: அவரை நேராகப் படுக்க வையுங்கள். திருப்பும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், இடுப்பில் முறுக்கக் கூடாது. பைக்கின் பின்சீட்டிலோ ஆட்டோவிலோ உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், ஸ்ட்ரெச்சரில் போகட்டும். எம்.ஆர்.ஐ. இருக்கும், ரேடியேஷன் வசதியும் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. கேஷுவாலிட்டியில் "முதுகுவலி" என்று மட்டும் சொன்னால் ஒரு வலி ஊசியோடு திருப்பி அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது. "புராஸ்டேட் புற்றுநோய் எலும்பில் பரவியிருக்கிறது, கால் பலம் குறைகிறது, தண்டுவடம் அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கையில் கடைசி ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கட்டும்.

அங்கே டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள், வழக்கமாக 16 மி.கி. சர்க்கரை நோயாளிக்கு அன்றிரவே சர்க்கரை எகிறும், ஆகவே அதைச் சொல்லிவைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் முதுகெலும்பு முழுவதற்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், வலிக்கும் இடத்துக்கு மட்டும் அல்ல. நோய் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் அழுத்துவதுண்டு. அதன்பின் ரேடியேஷன், சிலருக்கு அறுவை சிகிச்சை.

தைலம் தடவித் தேய்ப்பது, மிதித்து நீவிவிடுவது, வர்மம், கட்டு இவற்றில் ஒன்றும் வேண்டாம். நோய் தின்ற எலும்பு அந்த அழுத்தத்திலேயே நொறுங்கும்.

வலிக்கு மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். போதைக்கு அடிமையாகிவிடுவார் என்கிறார்கள். கடைசி நேரத்தில் கொடுக்கும் மருந்து என்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகர், நாகர்கோவில்

கொடுங்கள். வலிக்காக, சொன்ன அளவில் சாப்பிடுகிறவர் அடிமையாவது மிக அபூர்வம். கடைசி நேரத்து மருந்தும் அல்ல. வலி குறைந்ததும் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்கள் நிறையப் பேர். வலியோடு ஒருவரை இரவு முழுக்க விழித்திருக்க வைப்பதில் எந்த நன்மையும் கிடையாது.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் நான்கு மணி நேரம்தான். வலி வந்தபின் கொடுப்பது தப்பு, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். காலை 6, 10, பகல் 2, மாலை 6, பிறகு படுக்கும்போது பத்து மணிக்கு இரட்டை அளவு என்று எழுதுவது வழக்கம். நடுராத்திரியில் எழுப்ப வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு 5 மி.கி.யில் தொடங்குவார்கள். இடையில் வலி கிளம்பினால் கூடுதலாக ஒரு அளவு கொடுக்கலாமா, எவ்வளவு என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். எப்போது எத்தனை கூடுதல் கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால் அடுத்த முறை அளவைச் சரிசெய்ய அதுதான் உதவும்.

முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது. ஆகவே மார்ஃபினைத் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், பிசகோடில் போன்றது. பழமும் தண்ணீரும் மட்டும் போதாது. மார்ஃபினை நிறுத்தியவர்களில் பலர் அதை நிறுத்தக் காரணம் வலியல்ல, ஐந்து நாள் போகாத மலம்தான்.

கவனிக்க வேண்டியவை: தட்டியெழுப்பினாலும் எழாத தூக்கம், நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, கை கால் வெட்டிவெட்டி இழுப்பது. மூன்றும் மருந்து உடம்பில் சேர்ந்துவிட்டதைக் காட்டும். சிறுநீர் அடைப்பால் சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு இது எளிதில் நேரும், அதனால் கிரியேட்டினின் பார்க்காமல் மார்ஃபின் வேண்டாம். அதே காரணத்துக்காக டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கித் தொடர்ந்து கொடுப்பதும் வேண்டாம்.

ஒரே இடத்தில் குத்தும் எலும்பு வலிக்கு ரேடியேஷன் நல்ல வழி. பத்து நாள் அலைய வேண்டாம், 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சின் அலகு) அளவில் ஒரே ஒருநாள் கரன்ட் வைப்பது பலருக்குப் போதும். பத்துப் பேரில் ஆறு பேருக்காவது வலி குறைகிறது. முதல் இரண்டு மூன்று நாள் வலி சற்றுக் கூடலாம். பலன் தெரிய ஒன்றிலிருந்து நான்கு வாரம் ஆகும்.

மார்ஃபின் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும். 2014-இல் சட்டத்தைத் திருத்தி விதிகளை எளிதாக்கினார்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் வலி தணிப்புப் பிரிவில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி தணிப்பு சேவையும் உண்டு; ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்யுங்கள்.

சிறுநீர் அடைத்து டியூப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது? ஆயுசுக்கும் டியூப்தானா?
— வாசகி, வேலூர்

ஆயுசுக்கும் என்று முடிவுகட்ட வேண்டாம். ஹார்மோன் சிகிச்சையில் புராஸ்டேட் சுருங்கும். சில வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் டியூபை எடுத்துப் பார்ப்பார்கள், பலருக்குத் தானாகப் போகும். போகாவிட்டால் வழியை மட்டும் சுரண்டி அகலப்படுத்தும் சிகிச்சை உண்டு.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல். முக்கால் நிரம்புவதற்கு முன்பே காலிசெய்யுங்கள். டியூபைத் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டிவிட்டால் இழுபடாது. தினமும் குளிக்கும்போது டியூப் நுழையும் இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும், டெட்டால் வேண்டாம். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவியபின் மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். அப்படியே விட்டால் தோல் வீங்கி இறுகிக்கொள்ளும், அவசர சிகிச்சை வரை போய்விடும். சாதாரண ரப்பர் டியூபை இரண்டிலிருந்து நான்கு வாரத்திலும், சிலிகான் டியூபை அதிகபட்சம் 12 வாரத்திலும் மாற்ற வேண்டும். போட்ட தேதியைப் பையின்மேல் பேனாவால் எழுதிவையுங்கள்.

இரண்டு மணி நேரமாகப் பையில் ஒன்றும் இறங்கவில்லை, அடிவயிறு கனக்கிறது என்றால் டியூப் மடங்கியிருக்கிறதா, அவர் அதன்மேல் படுத்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அடைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், ரத்தக்கட்டி வருவது, இவையும் அப்படியே. டியூபைச் சுற்றி ஒழுகுவது மலச்சிக்கலாலும் வரும். உள்ளே ஊதிய பலூன் இருக்கிறது. ஒருபோதும் இழுத்து எடுக்கப் பார்க்காதீர்கள்.

முள்சீத்தாப்பழம் புராஸ்டேட் புற்றுநோயைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. மூலிகைப் பொடி ஒன்றும் சொல்கிறார்கள், சாப்பிட்டவருக்கு பி.எஸ்.ஏ. நிஜமாகவே இறங்கியதாம்.
— வாசகர், சேலம்

முள்சீத்தா பற்றிச் சொல்லப்படுவது சோதனைக் குழாயில் வளர்த்த செல்களில் பார்த்தது. நோயாளிகளிடம் குணம் நிரூபணமானதில்லை. எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவதில் பிரச்சினை இல்லை. நாள்தோறும் இலைக் கஷாயமும் பழச்சாறும் குடிப்பது வேறு. கரீபியன் தீவான குவாதலூப்பில் இதை நிறையப் பயன்படுத்தியவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் அதிகம் காணப்பட்டதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

பொடி சாப்பிட்டு பி.எஸ்.ஏ. இறங்கினால் மகிழ்வதைவிட உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுவது நல்லது. அமெரிக்காவில் பி.சி. ஸ்பெஸ் என்ற எட்டு மூலிகைக் கலவை ஒன்று விற்றது. பி.எஸ்.ஏ. நன்றாகவே இறங்கியது. பரிசோதித்தபோது அதில் செயற்கைப் பெண் ஹார்மோனும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும் இருப்பது தெரிந்து 2002-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். மூலிகை என்று நம்பிச் சாப்பிட்டவர்கள் அளவு தெரியாமல் ஹார்மோன் மருந்து சாப்பிட்டிருந்தார்கள். வைட்டமின் ஈ மாத்திரையும் வேண்டாம். நல்ல உடல்நிலையில் இருந்த ஆண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் 2011 முடிவில், அது புராஸ்டேட் புற்றுநோயை 17 சதவீதம் கூட்டியிருந்தது.

நாட்டு மருந்து சாப்பிட்டே தீருவேன் என்கிறவரோடு சண்டை போடாதீர்கள், மறைத்துச் சாப்பிடுவார். பாட்டிலைப் புற்றுநோய் டாக்டரிடம் காட்டட்டும், ஈரல், சிறுநீரகப் பரிசோதனையை மாதம் ஒருமுறை பார்க்கட்டும், ஊசியை மட்டும் நிறுத்தாமலிருக்கட்டும்.

எலும்புக்கு மாதம் ஒருமுறை டிரிப்பில் ஊசி போடுகிறார்கள். பல் ஆடுகிறது, பிடுங்கலாமா?
— வாசகர், புதுச்சேரி

அது சோலிட்ரானிக் ஆசிட் 4 மி.கி. ஆக இருக்கும். அதைத் தொடங்கியபின் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் நிலை சிலருக்கு வருகிறது. எலும்புக்கே போடும் இன்னொரு ஊசியான டெனோசுமாபுக்கும் இது பொருந்தும். பிடுங்க வேண்டிய பற்களை எல்லாம் தொடங்குவதற்கு முன் பிடுங்கி, புண் ஆறியபின் முதல் ஊசி போடுவதுதான் முறை. இப்போது இரு டாக்டர்களும் பேசி முடிவெடுக்க வேண்டும். பல் டாக்டரிடம் ஊசியின் பெயரைச் சொல்லாமல் வாயைத் திறக்காதீர்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: மாதாமாதம் தேவையா? 12 வாரத்துக்கு ஒருமுறை போட்டாலும் பலன் குறையவில்லை என்று 2017-இல் வந்த ஆய்வு காட்டுகிறது. ஹார்மோன் சிகிச்சை நன்றாக வேலைசெய்யும் கட்டத்தில் இந்த அளவில் போடுவதால் கூடுதல் நன்மையும் நிரூபணமாகவில்லை. எலும்புத் தேய்மானத்துக்கான குறைந்த அளவே போதுமானதாக இருக்கலாம்.

தினம் 1000 முதல் 1200 மி.கி. கால்சியம் வேண்டும், சாப்பாட்டையும் சேர்த்து. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி., ஒரு தம்ளர் பாலில் சுமார் 240 மி.கி. மீதிக்கு மாத்திரை, கூடவே வைட்டமின் டி. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவதுபோல் இருந்தால் கால்சியம் தாழ்ந்திருக்கிறது, ரத்தப் பரிசோதனை உடனே தேவை.

என் கணவர் எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுகிறார், திடீர் திடீரென்று வியர்த்துக் கொட்டுகிறது, தனியாக அழுகிறார். என்மேல் வெறுப்பா?
— வாசகி, மதுரை

இல்லை அம்மா. டெஸ்டோஸ்டிரோனை அடியோடு நிறுத்தினால் ஆணுக்கும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு வருவது போன்ற உடம்புச் சூடு வரும். தாம்பத்திய ஆசையே அற்றுப்போகும். அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விலகிப்போகிறவர்கள் பலர். அது மருந்தின் வேலை என்று உங்களுக்குத் தெரியும் என்பதை அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வியர்வைக்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேட்டாலே எழுதித் தருவார். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

இதில் மிகப் பலன் தருவது உடற்பயிற்சி. தசை கரைவதையும் தொப்பை போடுவதையும் அசதியையும் அதுதான் தடுக்கிறது. தினம் அரை மணி நடை. வாரம் இரண்டு நாள் கைகளைப் பயன்படுத்தாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, ரப்பர் பட்டையை இழுப்பது. முதுகெலும்பில் நோய் உள்ளவர் குனிந்து குடம் தூக்கக் கூடாது. சர்க்கரை, பி.பி., கொழுப்பு மூன்றையும் ஆறு மாதத்துக்கொருமுறையாவது பார்க்க வேண்டும்.

ஊசி தவறாமல் போட்டும் பி.எஸ்.ஏ. 0.8-இலிருந்து 5.6 ஆகிவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லையா?
— வாசகர், கோயம்புத்தூர்

இருக்கிறது. முதலில் டெஸ்டோஸ்டிரோன் பாருங்கள். அது 50-க்கு மேல் இருந்தால் பழுது ஊசியில். உண்மையிலேயே கீழே இருந்தும் பி.எஸ்.ஏ. ஏறுகிறது, மறுபடி எடுத்தாலும் ஏற்றம் உறுதி என்றால் நோய் ஹார்மோன் தடையைத் தாண்டி வளரக் கற்றுவிட்டது. அப்போது ஸ்கேன். இதுவரை கொடுக்காத மருந்து எதுவோ அதுதான் அடுத்தது: அபிராட்டிரோனோ என்சாலூட்டமைடோ, டோசிடாக்சல் கீமோ, அதன்பின் கபாசிடாக்சல் என்ற இன்னொரு கீமோ. ஒன்றைக் கவனியுங்கள்: அபிராட்டிரோன் பலிக்காமல் போனபின் என்சாலூட்டமைடுக்கு மாறுவதும், அதன் மறுதலையும், பெரும்பாலும் குறுகிய பலனே தரும். பெரும் பணம் கொடுப்பதற்கு முன் கீமோ பற்றிக் கேளுங்கள். கீமோ நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி.

பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் என்பது புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களின்மேல் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடும் ஸ்கேன். அதில் நோய் ஒளிர்ந்தால், அதே புரதத்தைத் தேடிப்போய்க் கதிர்வீச்சு கொடுக்கும் லுட்டீஷியம் ஊசி சிகிச்சை செய்யலாம். ஆறு வாரத்துக்கொருமுறை, அதிகபட்சம் ஆறு தவணை. வாய் வறட்சி அதன் முக்கியத் தொல்லை. ஸ்கேனில் ஒளிராத நோய்க்கு அது பயன்படாது. எதைத் தொடங்கினாலும் பழைய ஊசி தொடர வேண்டும்.

"அப்பாவிடம் சொல்லாதீங்க டாக்டர்" என்று நாங்கள்தான் கேட்டுக்கொண்டோம். இப்போது அவர் மாத்திரை எதற்கு என்று கேட்கிறார்.
— வாசகர், தூத்துக்குடி

கேட்கிறார் என்றால் தெரிந்துகொள்ளத் தயார் என்று அர்த்தம். நோயின் பெயர் தெரியாதவர் வெறும் வயிற்று மாத்திரையைக் கண்டிப்பாகச் சாப்பிட மாட்டார், கால் தளர்வதை வயதுக் கோளாறு என்று ஒதுக்கிவிடுவார். விதை நீக்கும் சிகிச்சைக்கு அவர் கையெழுத்தும் வேண்டும். "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்கப்பா?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் அளவுக்கு டாக்டரை வைத்துச் சொல்லுங்கள். எலும்புக்குப் பரவியிருக்கிறது, அடக்கிவைக்க மருந்து இருக்கிறது, முழுசாகப் போகாது. இந்த மூன்றும் முதல் நாளுக்குப் போதும். மாதக் கணக்கு சொல்ல வேண்டாம்; யாராலும் ஒரு தனி மனிதருக்கு அதைச் சரியாகச் சொல்ல முடியாது. நிலம், வங்கிக் கணக்கு, செய்ய நினைத்த காரியம் என்று அவருக்கும் முடிவெடுக்க வேண்டியவை இருக்கும்.

அப்பாவுக்கு வந்தது எங்களுக்கும் வருமா? நாங்கள் ஒரு மகன், இரண்டு மகள்கள்.
— வாசகி, திருச்சி

பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பன்னிரண்டு பேரிடம் பரம்பரை மரபணுக் கோளாறு இருக்கிறது, அதில் முக்கியமானது பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவில் வரும் கோளாறு. ஆகவே முதலில் அப்பாவுக்கு ரத்தத்தில் அந்தப் பரிசோதனை. இருந்தால் அவருக்கே ஒலாபரிப் என்ற மாத்திரை ஒரு கூடுதல் வழியாகும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு. மகள்களை இதில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆணின் நோய்தானே என்று இருந்துவிட வேண்டாம். இதே கோளாறுதான் பெண்களுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோயைக் கொண்டுவருவது. அப்பாவுக்கு இருப்பது உறுதியானால் நீங்கள் மூவரும் மரபணு ஆலோசகரைப் பார்த்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அண்ணன் 40 வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. பார்க்கத் தொடங்கலாம். அப்பாவிடம் கோளாறு இல்லையென்றாலும் 45-இல் தொடங்கட்டும். முடி கொட்டுவதற்கோ சிறுநீர்த் தொல்லைக்கோ ஃபினாஸ்டரைடு, டியூட்டாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை லேபிலும் டாக்டரிடமும் சொல்ல வேண்டும். சில மாதம் சாப்பிட்டாலே பி.எஸ்.ஏ. பாதியாகத் தெரியும், ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் 6 என்று வாசிக்க வேண்டும்.